உள்வீட்டு மீட்டர்

போன வாரம் எதிர்வீட்டில் கல்யாணம். தாலி கட்டுகிற நேரம் பார்த்துக் கரண்டு போய்விட்டது. வாடகைக்கு எடுத்து வைத்திருந்த ஜெனரேட்டரை வாசலிலேயே ஓட்டிவிட்டார்கள். தெரு முழுக்க டீசல் புகை. பட்டுச்சேலைக்காரிகள் எல்லாம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார்கள். நான் என் நாற்காலியை இழுத்து ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். மருமகள் வந்து, "புகையில உக்காந்து என்னத்தே பண்றீக?" என்றாள். மூச்சு விடுகிறேன் என்று சொன்னேன். அவள் என் மகனிடம் போய்க் காதில் ஏதோ சொன்னாள். எனக்கு வயசாகிவிட்டது என்று சொல்லியிருப்பாள். சொல்லட்டும், பொய்யில்லையே.

உங்களுக்கு அது நாற்றமாக இருக்கலாம். எனக்கு அது எங்கள் ஊர் எஞ்சின் கொட்டகை. சாயல்குடிக்கும் திருப்புல்லாணிக்கும் நடுவே, கடலை ஒட்டிய சின்ன ஊர். பேர் வேண்டாம், சொன்னால் சண்டைக்கு வர இன்னும் அங்கே நாலு பேர் இருக்கிறார்கள். சுதந்திரம் வந்து கொஞ்ச வருஷத்தில் எங்கள் முனிசிபாலிட்டி தானே ஓர் எஞ்சினை வாங்கி, ஊருணிக்கரையில் தகரக் கொட்டகை போட்டு, ஊருக்குக் கரண்டு கொடுக்க ஆரம்பித்தது. சர்க்கார் கொடுத்ததில்லை. எந்தக் கம்பெனியும் கொடுத்ததில்லை. ஊர் தனக்குத் தானே ஏற்றிக்கொண்ட விளக்கு. பொழுது சாய எஞ்சின் ஓட ஆரம்பிக்கும். நிறுத்துவதற்கு முன்னால் எல்லா விளக்கும் ஒரு தடவை மங்கி எரியும், பாயை விரித்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். கல்யாண வீடு என்றால் கொட்டகைக்கு ஆள் விட்டுச் சொன்னால் போதும், கூடுதலாக ஓடும். சாவு வீட்டுக்குச் சொல்லிவிடவே வேண்டாம், அழுகைச் சத்தம் கேட்டு அவர்களே ஓட்டுவார்கள். இன்றைக்குக் கரண்டு ஆபீசுக்குப் போன் போட்டால், ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்று ஒரு குரல் வருகிறதே, அதனிடம் போய் எங்கள் வீட்டில் சாவு என்று சொல்லிப் பாருங்கள்.

கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் கடல் உப்பு பறந்து வந்து கம்பத்துப் பீங்கான்களில் அப்பிக்கொள்ளும். சாயங்காலம் கரண்டு வந்ததும் கம்பத்து உச்சியில் சடசடவென்று நீலப்பொறி பறக்கும். அதைக் கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். எங்கள் ஊரில் நல்ல தண்ணீருக்கு எவ்வளவு பாடு என்று ராமநாதபுரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எந்தத் தெருக் கம்பமோ, அந்தத் தெருப் பெண்கள் வீட்டுக்கு ஒரு குடம் கொண்டுவர வேண்டும் என்று வழக்கம். ஊருணிப் படியில் ஒரு செம்புத் தண்ணிக்கு முடியைப் பிடித்துச் சண்டை போடுகிறவர்கள், கம்பத்துக்கு மட்டும் முணுமுணுக்காமல் கொண்டுவந்து வைப்பார்கள். ஏன் என்று கேட்டால், "நம்ம கம்பமில்ல?" என்பார்கள்.

அந்த உப்புதான் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. வீட்டுக்கு வீடு மீட்டர் மாட்ட வந்தவர்கள், எங்கே மாட்ட என்று கேட்டார்கள். எங்கள் ஊரில் இரும்பை வாசல் பக்கம் வைத்தால் அடுத்த கச்சானுக்குத் துருவாகக் கொட்டிவிடும். வாசல் கதவுத் தாழ்ப்பாளையே அடிக்கடி மாற்றுகிற ஜனம். அதனால் ஊரே ஒரே வாயாக, உள்ளே மாட்டு என்று சொல்லிவிட்டது. சும்மா உள்ளே இல்லை. மரைக்காயர் தெருவில் வாசல் கட்டு, நடுக்கட்டு எல்லாம் தாண்டி, பெண்கள் புழங்குகிற உள்வீட்டில், மரப் பெட்டகத்துக்கு மேலே. மேலத் தெருவில் விவசாயம் பார்க்கிற சம்சாரிகள் வீட்டில் நெல் குதிருக்குப் பக்கத்தில். எங்கள் கடற்கரைத் தெருவில் உள்ளே என்று சொல்ல இருந்ததே ஓர் அறைதான், அதில் மாதா படத்துக்குக் கீழே. நகையை வைப்பது போலப் பத்திரமாக வைத்தாயிற்று. மாதக் கடைசியில்தான் ஊருக்கு உறைத்தது, அதைப் பார்த்து எழுத ஓர் ஆம்பளை உள்ளே வர வேண்டுமே என்று.

முதலில் போட்ட ரீடர் மதுரைப் பக்கத்து ஆள். பாவம், அந்த மனுசன் பட்ட பாடு. மரைக்காயர் தெரு ஆம்பளைகளில் பாதிப்பேர் கொழும்பில் வியாபாரம், எங்கள் தெரு ஆம்பளைகள் கடலில், சம்சாரிகள் காட்டில். பகலில் ஊர் முழுக்கப் பெண்கள் ராஜ்யம். அவர் வாசலில் நின்று "மீட்டர்" என்று கத்துவார். "வீட்டுல ஆள் இல்லை" என்று உள்ளேயிருந்து ஆள் பதில் சொல்லும். மரைக்காயர் தெரு வீடுகளுக்குப் பின்னால் பெண்கள் மட்டும் நடக்கிற முடுக்கு ஒன்று உண்டு. தெரியாமல் அதற்குள் ஒருநாள் புகுந்துவிட்டு, மனுசன் சைக்கிளை விட்டுவிட்டு ஓடிவந்தார். கடைசியில் வெளியே நின்றே குத்துமதிப்பாக எழுத ஆரம்பித்தார். சும்மா விடுவார்களா எங்கள் ஆட்கள். கடைத்தெருவில் மீன் வாங்க வந்த சேர்மனை மறித்துக்கொண்டு ஆளாளுக்குக் கேட்டார்கள். அந்தச் சேர்மனே மரைக்காயர் தெருக்காரர்தான். அவர் வீட்டு மீட்டரைப் பார்க்கவே அவர் மனைவி அந்த ஆளை விடவில்லை என்பது ஊருக்கே தெரியும். அவர்தான் கவுன்சில் கூட்டத்தில், "பேசாம ஒரு பொம்பளைப் புள்ளையைப் போடுங்க" என்று சொன்னாராம். எல்லாரும் சிரித்தார்களாம். சிரித்து முடித்துவிட்டுக் கையைத் தூக்கினார்களாம்.

கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்துவிட்டு வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பிடித்துவந்தார்கள். எங்கள் தெருவில் எட்டாவது படித்தவள் என்று தேடினால் நான் ஒருத்திதான் அகப்படுவேன், இதில் பெருமை ஒன்றும் இல்லை. அய்யாவுக்கு அப்போது கண் பார்வை போய்விட்டது. வள்ளத்தை விற்றாயிற்று. தம்பி தங்கைகள் சின்னவர்கள். என் சம்பளம் வந்தால் உலை கொதிக்கும், இல்லாவிட்டால் இல்லை. அப்படியும் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. வீடு வீடாக ஏறி இறங்குகிற பிழைப்பா, நாளைக்கு எவன் கட்டுவான் என்று ஒப்பாரி வைத்தாள். அய்யா கயிற்றுக் கட்டிலில் இருந்தபடியே, "போ தாயி. வீட்டுக்குள்ள கூப்புடுறாகன்னா மரியாதையாத்தான் கூப்புடுறாக" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்தக் காலத்து மீட்டரில் இப்போது போல நம்பர் ஓடாது. சின்னச் சின்னக் கடிகார முகங்கள் வரிசையாக இருக்கும். ஒன்றில் முள் வலப்பக்கம் சுற்றும், அடுத்ததில் இடப்பக்கம். அதைப் படிக்க ஒரே நாளில் கற்றுக்கொண்டேன். அதுவல்ல கஷ்டம். நான் குள்ளம். மீட்டரோ ஆம்பளை உயரத்துக்கு மாட்டியிருந்தது. வீட்டுக்கு வீடு எதன் மேலாவது ஏறித்தான் ஆக வேண்டும். ஒரு வீட்டில் குத்துரல், ஒரு வீட்டில் அரிசி மூட்டை, எங்கள் தெருவில் கவிழ்த்துப் போட்ட மீன் கூடை. ஒரு சம்சாரி வீட்டில் தவிட்டுப் பானை மேல் ஏறி, பானை உடைந்து, தலையிலிருந்து கால் வரை தவிடாக வெளியே வந்தேன். அந்தத் தெருவில் கன்றுக்குட்டிகூட என்னைத் துரத்தியது. அதற்கப்புறம் அந்த வீட்டம்மா நான் வருகிற நாளுக்கு ஒரு முக்காலி வாங்கி வைத்துவிட்டார். அந்த முக்காலியில் வேறு யாரையும் உட்கார விடமாட்டார்.

என் பேர் ஊருக்கு மறந்தே போனது. எல்லாருக்கும் நான் மீட்டர் புள்ள. "மீட்டர் புள்ள வருது, சோத்தை வடி" என்பார்கள். ஏலக்காய் மணம் எங்கேயாவது வந்தால் எனக்கு இப்போதும் ஆயிஷா ராத்தா வீடுதான். ராத்தா என்றால் அவர்கள் பேச்சில் அக்கா. மரைக்காயர் தெருவில் பெரிய வீடு, மாப்பிள்ளை, அதாவது புருஷன், கொழும்பில். நான் பெட்டகத்தின் மேல் ஏறி முள்ளைப் படித்துக்கொண்டிருப்பேன், ராத்தா கீழே நின்றபடி தட்டில் ஏலக்காய் போட்ட வட்டலாப்ப இனிப்போடு ஊர்க்கதை கேட்பார். எந்த வீட்டுக் கதையை எந்த வீட்டில் சொல்லக் கூடாது என்று எனக்குத் தெரியும். அது தெரிந்ததால்தான் நான் மூன்று தெருவிலும் உள்வீடு வரை போய்வந்தேன். ஊரிலேயே மூன்று தெரு அடுப்பங்கரையையும் பார்த்த ஆள் நான் ஒருத்திதான். சேர்மனால் முடியுமா? கோயில் பங்குச் சாமியாரால் முடியுமா? பள்ளிவாசல் ஆலிம்சாவால்தான் முடியுமா?

சில வருஷம் இப்படியே ஓடியது. பிறகு பெரிய கம்பிகள் வந்தன. வெளியூரிலிருந்து, காட்டு வழியாக, பெரிய பெரிய இரும்புக் கம்பங்களில். எங்கள் எஞ்சினை நிறுத்திவிட்டு, ஊர்க் கரண்டைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளப் போகிறது என்றார்கள். பகலிலும் கரண்டு இருக்கும், மாவு மில் வரும், ஐஸ் கம்பெனி வரும். நான் அதைக் குறை சொல்லவில்லை. வந்தது நல்லதுக்குத்தான். எஞ்சின் கடைசியாக நின்ற அன்றைக்குக் கொட்டகை வாசலில் கூட்டம். நம்ம எஞ்சினை நிறுத்துறாகளே என்று எங்கள் தெருக் கிழவர்கள் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்கள். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் எனக்கு வேறு பயம்.

பயந்தபடியே ஆயிற்று. புதிதாக வந்த ஆபீசர் திருச்சிப் பக்கத்துச் சின்ன வயசுக்காரர், மரியாதையானவர். முனிசிபாலிட்டி ஆட்களை எல்லாம் வரிசையாகக் கூப்பிட்டு உத்தரவு கொடுத்தார். எஞ்சின் ஓட்டினவர்களுக்கு வேலை, கம்பம் ஏறினவர்களுக்கு வேலை. என் முறை வந்ததும் கையைப் பிசைந்தார். ரீடர் வேலைக்குப் பெண்களைப் போட ரூலில் இடம் இல்லையாம். வேண்டுமானால் ஆபீசில் குடிதண்ணீர் வைக்கிற வேலை தரலாமாம்.

"தண்ணி யாரு வேணா வைப்பாக சார். உள்வீட்டுக்குள்ள யாரு போவாக?" என்று கேட்டேன்.

அதை டிபார்ட்மென்ட் பார்த்துக்கொள்ளும் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அப்படியே திரும்பி வந்துவிட்டேன். உலை கொதிக்க வேறு வழியில்லாதவள் இப்படி வீறாப்பாக வரலாமா என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சரிதான், வரக் கூடாதுதான். வந்துவிட்டேனே.

அடுத்த மாதம் புது ரீடர் புறப்பட்டார். காக்கிச் சட்டை, பித்தளைப் பொத்தான், ஆள் கம்பீரமாகத்தான் இருந்தார். ஆயிஷா ராத்தா வீட்டுக் கதவு திறக்கவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து, "மீட்டர் புள்ளைய அனுப்புங்க" என்று மட்டும் பதில் வந்தது. அடுத்த வீட்டிலும் அதே பதில். மேலத் தெருவில், சமையலறை வழியாகப் போக வேண்டும், வேற்று ஆம்பளை போகக் கூடாது என்றார்கள். எங்கள் தெருவில் இவ்வளவு மரியாதை எல்லாம் கிடையாது. "எம் புருசன் கடலுக்குப் போயிருக்காரு. அவரு வந்த பெறகு வா. எப்ப வருவாருன்னு மீனுக்குத்தான் தெரியும்" என்று அனுப்பிவிட்டார்கள். ஆம்பளைகள் இருக்கிற நாளாகப் பார்த்து வந்தார். எங்கள் தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் எல்லாரும் பூசையில். மரைக்காயர் தெருவுக்கு வெள்ளிக்கிழமை வந்தால் எல்லாரும் பள்ளிவாசலில். தலைகீழாக நின்றும் அவர் பாச்சா பலிக்கவில்லை.

நான் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. நான் தூண்டிவிட்டதாகப் பின்னால் சிலர் பேசினார்கள், சுத்தப் பொய். எனக்காக மட்டும் அவர்கள் நின்றார்கள் என்றும் சொல்லமாட்டேன். அவர்கள் வீட்டுக்குள் யார் வரலாம் என்பதை எங்கோ இருக்கிற ரூல் சொல்வதா என்று அவர்களுக்கும் கோபம். இரண்டும் சேர்ந்துகொண்டது.

ரீடிங் இல்லாமல் மாதங்கள் போயின. மேலிடத்திலிருந்து ஆபீசருக்கு நெருக்கடி. கதவைத் திறக்காத வீடுகளுக்குக் கரண்டைத் துண்டிப்போம் என்று தமுக்கு அடித்துச் சொன்னார்கள். அன்று சாயங்காலம் தமுக்குக்காரனோடு ஆபீசரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். மரைக்காயர் தெருவில் ராத்தா தன் கதவுக்குப் பின்னால் நின்று, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாராம்:

"நாங்க கரண்டு வேணாங்கல. ஆம்பளை உள்ள வர வேணாங்குறோம். நீங்க எதுக்குத் துண்டிக்கணும்? நாங்களே அணைச்சுக்கிறோம்."

உள்ளே போய் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார். பக்கத்து வீடு பார்த்தது, அதுவும் இறக்கியது. முடுக்கு வழியாகச் சேதி ஓடியது. மரைக்காயர் தெரு அணைந்தது, மேலத் தெரு அணைந்தது. எங்கள் தெருவில் யாருக்கும் சொல்லவே வேண்டியிருக்கவில்லை, இருட்டைப் பார்த்ததும் ஆளுக்கு ஆள் ஓடிப்போய் அணைத்தார்கள். பரணில் கிடந்த அரிக்கேன் விளக்குகளைத் துடைத்து ஏற்றி வாசலில் தொங்கவிட்டார்கள். நான் தெருவில் நின்று பார்த்தேன். கம்பத்துக்கு வீட்டுக்கு ஒரு குடம் கொண்டுவந்து வைத்த அதே பெண்கள்தான் இப்போது வீட்டுக்கு ஒரு விளக்கோடு நின்றார்கள். கட்டிலில் இருந்த அய்யா, "என்ன தாயி, கரண்டு போயிருச்சா? ஊரு சத்தமே ஒரு மாதிரியா இருக்கே" என்று கேட்டார். போகவில்லை அய்யா, அணைத்திருக்கிறார்கள் என்றேன். ஏன் என்றும் சொன்னேன். "நம்ம வீட்டுல அணைச்சாச்சா?" என்று மட்டும் கேட்டார்.

மறுவாரம் ஆபீசர் எங்கள் வீட்டுக்கே வந்தார். தற்காலிகமாக நானே ரீடிங் எடுக்கலாம் என்றார். அந்தத் தற்காலிகம் என்ற வார்த்தையை நான் காதில் வாங்கவே இல்லை. அந்த மாதம் நான் தெருவில் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். ராத்தா பெட்டகத்தின் மேல் எனக்காக ஜமுக்காளம் விரித்து வைத்திருந்தார். சம்சாரி வீட்டு முக்காலிக்குப் பொட்டு வைத்திருந்தார்கள். எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் மீன் கொடுத்தார்கள், தூக்க முடியாமல் தூக்கிவந்தேன். ஜெயித்துவிட்டோம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

ஒரு நாள் காலையில் லாரி வந்தது. ஏணி, உளி, சுத்தியல், புது மரப்பலகைகள், வேலையாட்கள். எல்லா வீட்டு மீட்டரையும் கழற்றி வாசல் சுவரில் மாட்டப் போவதாகச் சொன்னார்கள். வந்த கொத்தனார்கள் அந்தந்த வீட்டு ஆம்பளைகளைக் கூட வைத்துக்கொண்டுதான் உள்ளே போனார்கள், அந்த மரியாதையை எல்லாம் சரியாகக் கற்றுக்கொண்டு வந்திருந்தார்கள். குற்றம் சொல்ல வழியே இல்லை. உப்பில் துருப்பிடிக்குமே என்று கேட்டவர்களுக்கு, பிடித்தால் வேறு தருவோம் என்று பதில். மாதக்கணக்கில் ஊர் முழுக்க டொக் டொக்கென்று சுவரை உடைக்கிற சத்தம். சோற்றில் சுண்ணாம்புத் தூசி. ராத்தா மட்டும் கொழும்பிலிருந்து மாப்பிள்ளை வரட்டும் என்று ஒற்றைக் காலில் நின்று, ஊரிலேயே கடைசி வரை இழுத்தடித்தார். மாப்பிள்ளையும் வந்தார். அன்றைக்கு ராத்தா எனக்கு ஆள் அனுப்பினார். "அவங்க கழட்டுறதுக்கு முந்தி நீ ஒரு தடவை பார்த்துச் சொல்லிட்டுப் போ" என்றார். நான் ஏறிப் பார்த்துச் சொன்னேன். யாரும் எழுதவில்லை. இறங்கினதும் ராத்தா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

ஆபீசில் கணக்குத் தீர்த்துக்கொள்ளக் கூப்பிட்டார்கள். அந்தத் தண்ணீர் வைக்கிற வேலை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்று ஆபீசர் மெதுவாகச் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

"ரூல்ல ஒரு வரி எழுதியிருக்கலாமே சார்" என்றேன்.

அது தன் கையில் இல்லை என்றார். அவர் சொன்னதும் நிஜம்தான். வெளியே வந்து, மறுநாள் அம்மாவோடு மீன் கூடை தூக்கிக்கொண்டு கடலாடிச் சந்தைக்குப் போனேன். உலை கொதித்தது. தம்பி தங்கைகளும் கரையேறினார்கள், என்னைக் கட்டவும் ஓர் ஆள் வந்தார். அம்மா பயந்த எதுவும் நடக்கவில்லை.

எஞ்சின் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கடைகள். எஞ்சினைப் பழைய இரும்புக்குப் போட்டதாகக் கேள்வி. ஊருணியில் பாதியைத் தூர்த்து பஸ் நிறுத்தம். ராத்தா வீடு பூட்டிக் கிடக்கிறது. முடுக்கில் மோட்டார் சைக்கிள் ஓடுகிறது. வாசலில் மாட்டின மீட்டர்கள் எத்தனை கச்சானில் துருப்பிடித்து எத்தனை தடவை மாறினவோ. இன்றைக்குப் பெண்கள் கம்பத்திலேயே ஏறுகிறார்கள் என்று பேப்பரில் போட்டிருந்தான், அந்த வரியை யாரோ எப்போதோ எழுதிவிட்டார்கள் போலிருக்கிறது. நல்லது, நன்றாக ஏறட்டும். வேலை போன கதை என்று என் மகன் இதை எல்லாரிடமும் சொல்கிறான். அவனுக்கு என்ன தெரியும். குள்ளமான ஒரு மீன்காரப் பெண்ணை ரூலுக்கு உள்ளே விடாமல் இருக்க, ஊரில் இருந்த அத்தனை வீட்டுச் சுவரையும் அவர்கள் உடைக்க வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய ஆளாக நான் அதற்கு முன்னாலும் இருந்ததில்லை, பின்னாலும் இருந்ததில்லை.